மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வடியுமா? பட்டாளம் புரோக்கர் நோட்டீஸ் பற்றி

பட்டாளம் பையன்:
வடசென்னையில், பட்டாளத்தில், எங்கள் தெருவில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. ஏரியா வீட்டு புரோக்கர் ஒருவர் அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்திருக்கிறார். "பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் குடிவருவோர் கவனத்துக்கு" என்று தலைப்பு. ரேஷன் கடை எங்கே, மெட்ரோ வாட்டர் குழாயில் எப்போது வரும், லாரி எங்கே நிற்கும், எந்தப் பள்ளியில் எப்போது அட்மிஷன், எல்லாம் இருக்கிறது. பரவாயில்லையே என்று படித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வரி: "மழைக்காலத்தில் சில தெருக்களில் தண்ணீர் நிற்கும். மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும்."

மூன்று மணி நேரமாம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லாமல், பால் இல்லாமல், நாள்கணக்கில் மொட்டை மாடியில் நின்றவர்கள் நாங்கள். இந்த மண்ணில் பிறந்தவன் என்று பீற்றிக்கொள்ளும் புரோக்கருக்கு இது தெரியாதா? ஊர் விஷயம் எழுதுகிறேன் என்று இவர்கள் கிளம்பாமல் இருந்தாலே புண்ணியம். வீட்டைக் காட்டினோமா, கமிஷனை வாங்கினோமா என்று போகட்டும்.

மூலப்பத்திரம்:
நோட்டீஸ் அடித்தவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை, கீழே போன் நம்பரே போட்டிருக்கிறேன். தம்பி, ஒன்று கேட்கிறேன். "தண்ணீர் நிற்கும்" என்று எழுத்தில் கொடுத்த புரோக்கர் இந்தப் பக்கம் இன்னொருத்தர் உண்டா? மற்றவர்கள் பிப்ரவரியில் பார்ட்டியைக் கூட்டி வந்து, காய்ந்த ரோட்டைக் காட்டி, டோக்கன் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. எழுதினவன் மாட்டிக்கொண்டான். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான். முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

வாடகை வாசி:
எந்த மழைக்கு அண்ணே? தூறலுக்கா?

மூலப்பத்திரம்:
சாதாரண மழைக்கு. புயலுக்கு எவன் கணக்கு சொல்ல முடியும்?

பட்டாளம் பையன்:
நோட்டீஸில் "சாதாரண மழை" என்று இல்லையே அண்ணே, "மழைக்காலத்தில்" என்றுதானே இருக்கிறது. நமக்கு மழைக்காலம் என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும்தான். புயலும் அதில்தான் வரும், சித்திரை வெயிலிலா வரும்? 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர். மூன்றும் மழைக்காலம். 2021 நவம்பர் 7 காலையில் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. பதிவானது. அன்றைக்குப் பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் உங்கள் மூன்று மணி நேரம் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது?

மூலப்பத்திரம்:
21 செ.மீ. பெய்தால் போயஸ் தோட்டத்திலும்தான் நிற்கும். அங்கே வீடு விற்கிறவனைப் போய்க் கேளுங்களேன்.

ஐசிஎஃப் ரிடயர்டு:
இரண்டு பேரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். ஓட்டேரி நல்லா என்கிற ஓடை அண்ணா நகர்ப் பக்கமிருந்து வந்து பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. கால்வாயே நிரம்பிக் கிடந்தால் நல்லா தண்ணீர் எங்கே போகும்? எதிர்த்துக்கொண்டு தெருவுக்குள்தான் வரும். ஆகவே மழை நின்ற நேரத்திலிருந்து மணி எண்ணுவதே தப்பு. அப்புறம், வடிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நடு ரோடு தெரிந்தாலா, வாசல்படி தெரிந்தாலா, சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், கலந்த சாக்கடையை இறைத்துக் கழுவி முடித்தாலா? முதலில் இதை முடிவு செய்துகொண்டு பேசுங்கள்.

வாடகை வாசி:
ஐயா, பாடம் எல்லாம் அப்புறம் எடுங்கள். மூன்று மணி நேரமா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

மூலப்பத்திரம்:
பெரியவர் நல்ல கேள்வி கேட்டார். ஆனால் வீடு தேடி வருகிறவன் கால்வாய் மட்டமா கேட்கிறான்? "அண்ணே, எப்ப வடியும்?" என்றுதான் கேட்கிறான். மூன்று மணி நேரம் என்று சொன்னேன்.

ரெரா நம்பர் உண்டு:
இதற்குத்தான் பதிவு செய்த ஏஜெண்டிடம் போங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். நான் கொளத்தூரில் தொழில் செய்கிறேன், முறையாகப் பதிவு செய்திருக்கிறேன். கண்டதை அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கிறவருக்குப் பதிவு எண் இருக்கிறதா? இருந்தால் போன் நம்பர் பக்கத்திலேயே போட்டிருக்கலாமே.

மூலப்பத்திரம்:
வந்துவிட்டார் சார். ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆவது பிரிவைப் படித்தீர்களா, இல்லை சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்ததோடு சரியா? பதிவான புராஜெக்டில் மனையோ பிளாட்டோ விற்றுக் கொடுக்கிறவனுக்குத்தான் அந்தப் பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையோ, எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ என்றால் புராஜெக்டுக்கே பதிவு தேவையில்லை. நான் காட்டுவது பழைய ஓட்டு வீடு, மாடி போர்ஷன், ஒண்டுக்குடித்தனம். அதற்கு எந்த ரெரா?

ரெரா நம்பர் உண்டு:
சட்டம் பேசுகிறவர் மூன்று மணி நேரத்துக்கு எந்தப் பிரிவு என்றும் சொல்லிவிடலாம்.

பட்டாளம் பையன்:
அப்படிக் கேளுங்கள்.

மூலப்பத்திரம்:
ரெட்டேரிக் கரையில் பிளாட் விற்கிறவர் நல்லா தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. அது போகட்டும், கொளத்தூர்க்காரருக்கு வடசென்னை விஷயத்தில் என்ன வேலை?

ரெரா நம்பர் உண்டு:
கொளத்தூர் வடசென்னை இல்லையா? வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் கொளத்தூர் இருக்கிறது. திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். ஆறு தொகுதி. எண்ணிப் பாருங்கள்.

மூலப்பத்திரம்:
தொகுதிக் கணக்கா? துறைமுகம் தொகுதி மத்திய சென்னையில் இருக்கிறது. சௌகார்பேட்டைக்காரனைப் போய் "நீ வடசென்னை இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், கேட்டுவிட்டு முழுசாக வந்து சேருங்கள். என் தாத்தா பின்னி மில்லில் நூல் ஓட்டினவர். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு பட்ட பாட்டை வீட்டில் கதையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். மில் மூடி அந்த மண்ணில் அடுக்குமாடி வந்தாயிற்று, அதையும் பார்த்தாயிற்று. வடசென்னை எது என்று எனக்கு யாரும் மேப் காட்ட வேண்டாம்.

எண்ணூர்க்காரி:
ஒரு முழங்கால் தண்ணீருக்கு இவ்வளவு சண்டையா? 2023 டிசம்பரில் எங்களுக்கு வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் வந்தது. கொசஸ்தலை ஆறு, கழிமுகம், வலை, படகு, வீட்டுச் சுவர், எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினோம். எங்கள் பக்கம் ஒரு புரோக்கர் நோட்டீஸ் அடித்தால் என்ன எழுதுவார்? "இதமான கடல் காற்று" என்றா?

வாடகை வாசி:
"எண்ணெய் மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும்" என்று எழுதுவார்.

எண்ணூர்க்காரி:
சிரிப்பு வரவில்லை. கொடுங்கையூர்க்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் எரிஉலை வேண்டாம் என்று 2025இல் மனிதச் சங்கிலி நின்றார்கள். அங்கே வீடு விற்கிற புரோக்கர் யாராவது அந்த வரிசையில் நின்றாரா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஏரியா நம்முடையது என்றால் அதற்கும் வர வேண்டும், கமிஷனுக்கு மட்டும் இல்லை.

மூலப்பத்திரம்:
அக்கா சொன்னது நியாயம். ஆனால் புரோக்கர் போய்ப் போராட்டத்தில் நின்றால் வீட்டு ஓனர் என்ன சொல்வார் தெரியுமா? "என் வீட்டு விலையை இறக்கவா நிற்கிறாய்?" இந்த ஒரு வரிக்கே எனக்கு எத்தனை போன்! ஸ்ட்ரஹான்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஓனர், சாவியையே திருப்பி வாங்கிக்கொண்டார். "தண்ணீர் நிற்கும்னு எழுதிட்டு என் வீட்டை எப்படிய்யா காட்டுவ?" என்றார்.

உங்களுக்கெல்லாம் புரோக்கர் என்றால் சாவிக்கொத்து. ஏரியா புரோக்கருக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன், கேளுங்கள். வாசலில் நுழைந்ததும் தெருவைவிட வீடு எத்தனை படி கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ஏறிப் போன வீடெல்லாம் இறங்கிப் போகிற வீடாகிவிட்டது. அப்புறம் இ.பி. மீட்டர் பெட்டி. தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் அந்த வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அதுவே சொல்லிவிடும். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கீழே மட்டும் பூச்சு உப்பியிருந்தால் விலகி நில். சம்ப் மூடி தரை மட்டத்தில் இருக்கிறதா, திட்டு கட்டி உயர்த்தியிருக்கிறதா? பீரோவின் கால் துருப்பிடித்திருக்கிறதா? கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் வியாசர்பாடிக்குப் போக எந்த வழியாகச் சுற்ற வேண்டும்? இதெல்லாம் எந்த ஆப்பில் வரும் சொல்லுங்கள்.

பட்டாளம் பையன்:
இவ்வளவும் தெரிந்தவர் இதையல்லவா அச்சடித்திருக்க வேண்டும்! மீட்டர் பெட்டியைப் பார் என்று ஒரு வரி, படியைப் பார் என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டு மூன்று மணி நேரம். எனக்கு ஒன்று தோன்றுகிறது அண்ணே. அது மழையை அளந்த நேரம் இல்லை, ஓனர்களோடு பேசி முடித்த நேரம்.

மூலப்பத்திரம்:
வார்த்தையை அளந்து பேசு தம்பி.

வாடகை வாசி:
நீங்கள் மணியை அளந்து எழுதியிருந்தால் அவர் வார்த்தையை அளந்திருப்பார்.

மூலப்பத்திரம்:
நீ யாரென்று எனக்குத் தெரியும். டெமல்லோஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு காட்டி, கமிஷன் பாக்கி வைத்த ஆள்தானே?

வாடகை வாசி:
பாக்கியா? ஒரு மாத வாடகை என்னிடம், ஒரு மாத வாடகை ஓனரிடம், இரண்டு பக்கமும் வாங்கினீர்கள். பத்து மாத அட்வான்ஸுக்குத் தலையாட்டச் சொன்னதும் நீங்கள்தான். 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம் என்றிருக்கிறதே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பேப்பரில்தான்பா" என்றீர்கள். உங்கள் நோட்டீஸும் பேப்பர்தானே?

ஐசிஎஃப் ரிடயர்டு:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எந்த மட்டத்திலிருந்து...

மூலப்பத்திரம்:
ஐயா ஒரு நிமிஷம். இவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். பத்து மாத அட்வான்ஸ் நான் கண்டுபிடித்ததா? மெட்ராஸ் முழுக்க நடக்கிற வழக்கம். ஓனர் கேட்கிறார், நான் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேறு வீடு பார்த்திருக்கலாம். கையெழுத்துப் போடும்போது சட்டம் ஞாபகம் வரவில்லை, எனக்குக் கமிஷன் தரும்போது மட்டும் வந்துவிட்டதாக்கும்.

எண்ணூர்க்காரி:
அண்ணே, எல்லாருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடுத்த நோட்டீஸில் எடுத்துவிடுவீர்களா, மாட்டீர்களா?

மூலப்பத்திரம்:
ஏன் எடுக்க வேண்டும்? எடுத்துவிட்டால் "தண்ணீர் நிற்பதை மறைக்கிறான்" என்று இதே ஆட்கள் வருவார்கள். வரி இருக்கும். மூன்று மணி நேரமும் இருக்கும்.

பட்டாளம் பையன்:
அப்படியென்றால் நாங்களும் ஒரு நோட்டீஸ் அடிக்கிறோம். 2023இல் எடுத்த போட்டோவோடு. உங்கள் நோட்டீஸ் இருக்கிற ஒவ்வொரு கடையிலும் பக்கத்திலேயே ஒட்டுகிறோம்.

மூலப்பத்திரம்:
தாராளமாக ஒட்டு. உன் மாமா தன் வீட்டை விற்க என்னிடம்தான் பேப்பர் கொடுத்திருக்கிறார். போட்டோவில் அந்த வீடும் தெரிகிற மாதிரி பார்த்து ஒட்டு.

பட்டாளம் பையன்:
மாமாவை எதற்கு இழுக்கிறீர்கள்? அவர் வீடு மேட்டில் இருக்கிறது.

வாடகை வாசி:
ஓஹோ! மாமா வீடு மட்டும் மேடு.

பட்டாளம் பையன்:
உண்மையிலேயே மேடுதான்யா. 2015இல் கூட வாசல் வரைக்கும்தான் வந்தது.

ஐசிஎஃப் ரிடயர்டு:
வாசல் என்றால் கேட்டா, படியா?

ரெரா நம்பர் உண்டு:
அந்த மாமா முதலில் என்னிடம்தான் வந்தார். வில்லங்கச் சான்று எடுத்துக் கொடுத்தது நான், வக்கீலிடம் காட்டியது நான். நடுவில் புகுந்து பார்ட்டியைத் தட்டிக்கொண்டு போனது யார் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூலப்பத்திரம்:
வில்லங்கம் எடுத்தால் போதுமா? தாய்ப்பத்திரம் இல்லாத வீடு அது. பழைய சொத்து, கோர்ட் தீர்ப்பில் வந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான். ஆன்லைனில் இரண்டு பட்டன் தட்டிவிட்டுப் பார்ட்டி என்னுடையது என்றால் எப்படி?

ரெரா நம்பர் உண்டு:
அவர் எனக்கு முதலில் அனுப்பிய வாட்ஸப் மெசேஜ் தேதியோடு இருக்கிறது. காட்டவா?

மூலப்பத்திரம்:
காட்டு.

ரெரா நம்பர் உண்டு:
இங்கே எதற்கு? நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.

மூலப்பத்திரம்:
நான் ஏன் கொளத்தூர் வர வேண்டும்? தைரியம் இருந்தால் நீ பட்டாளத்துக்கு வா.