லைக்லிஹுட்: "நிகழ்வாய்ப்பு" வேண்டாம், "ஒவ்வுதகவு" இருக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

லைக்லிஹுட் (likelihood) என்ற புள்ளியியல் சொல்லுக்கு "நிகழ்வாய்ப்பு" என்று தமிழில் வைக்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. நிகழ்தகவுக்குப் (probability) பக்கத்தில் அது வந்தால், படிப்பவர் இரண்டும் ஒன்று என்றே எடுத்துக்கொள்வார். புள்ளியியலாளர் ஃபிஷர் 1920களின் தொடக்கத்தில் இதற்கெனத் தனிச்சொல் எடுத்ததே இரண்டையும் பிரித்துக்காட்டத்தான். நிகழ்தகவில் அளவுரு (parameter) நிலையாக நிற்கும், தரவு மாறும். இங்கே தரவு கைக்கு வந்துவிட்டது. அளவுருவை மாற்றி மாற்றி, எந்த மதிப்பு அந்தத் தரவோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம். நிகழ்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆகவே "ஒவ்வுதகவு". "ஏற்புதகவு" சரிவராது, கருதுகோளை ஏற்பது, மறுப்பது என்ற பேச்சு அதே பத்தியில் வந்து குட்டையைக் குழப்பும். ஒவ்வாமை என்றால் தும்மல்தானே நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டும், வேர் அதேதான்.

எண்களோடு வைத்துப் பார்ப்போம். சிறிய மாதிரியத்தின் (மாடல்) மடக்கை ஒவ்வுதகவு (log-likelihood) −120.4. அதை உள்ளடக்கி, ஓர் அளவுரு மட்டும் கூடுதலாக உள்ள பெரியதற்கு −117.1. வேறுபாடு 3.3, இரட்டித்தால் 6.6. கூறு (சாம்பிள்) போதிய அளவு பெரிதென்றால் வில்க்ஸின் 1938ஆம் ஆண்டுத் தேற்றப்படி இதைக் கை-வர்க்கப் (chi-square) பரவலோடு ஒப்பிடலாம். 5% மட்டத்தில் எல்லை 3.84, 6.6 அதைத் தாண்டுகிறது, கூடுதல் அளவுரு தேவைதான். "ஒவ்வுதகவு விகிதச் சோதனை" இங்கே உறுத்தாமல் உட்காருகிறது. (மாதிரி என்றால் சாம்பிளா மாடலா என்ற பழைய சண்டைக்குப் பயந்துதான் மாதிரியம், கூறு என்று எழுதுகிறேன்.)

அப்புறம் மென்பொருள். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இந்த ஒப்பீட்டுக்குப் பெரும்பாலும் அழைப்பது அனோவா (anova) கட்டளையை. பெயரைப் பார்த்து "மாறுபாட்டுப் பகுப்பாய்வு" என்று பெயர்த்துவிடாதீர்கள். எல்எம்இ4 (lme4) தொகுப்பின் கலப்பு மாதிரியங்கள் (mixed models) இரண்டைக் கொடுத்தால் வருவது கை-வர்க்க அட்டவணைதான். ரெம்ல் (REML, கட்டுப்படுத்திய மீப்பெரு ஒவ்வுதகவு) முறையில் பொருத்தியவை என்றால் முதலில் ஓர் அறிவிப்பும் வரும்: "மீப்பெரு ஒவ்வுதகவு (maximum likelihood) முறையில் மறுபடி பொருத்தப்படுகிறது." நிலை விளைவுகள் (fixed effects) வேறுபடும்போது ரெம்ல் மதிப்புகளை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. அந்த வரியில் "மீப்பெரு நிகழ்வாய்ப்பு" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எது நிகழ்கிறது என்று யாரும் கேட்பார்கள்.

மேலே சொன்னதுபோல் ஒன்றை மற்றொன்று உள்ளடக்கிய நெஸ்டட் மாடலுக்கு "உள்ளடங்கு மாதிரியம்" போதும். மாதிரியங்களை ஒப்பிட உதவும் அகைக்கேயின் அளவுகோலுக்கு (AIC) ஒன்று மற்றொன்றில் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அதைத் தனிப் பதிவாக வையுங்கள்.