தாழ்ப்பாள் சத்தமும் பேயை நம்பாத நண்பர்களும்

பேய் அனுபவத்தை யாரிடம் சொல்வது என்று கேட்டால், பேயை நம்பாத ஒருவரிடம் சொல்லுங்கள் என்பேன். நம்புகிறவர்களிடம் சொன்னால் நம் கதை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இரண்டு வரி சொல்வதற்குள் "அந்த வீட்டில் முன்பு யாரோ தூக்குப் போட்டுக்கொண்டார்களாம்" என்று ஒருவர் தொடங்குவார். அவரைவிடப் பயங்கரமான ஒன்று இன்னொருவரிடம் இருக்கும். பேச்சு முடிவதற்குள் நாம் கேட்ட சிறு சத்தம் யாருடைய கதையாகவோ மாறியிருக்கும். நம்பாதவர்களிலும் எல்லோரும் சரிப்பட மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படுக்கப் போகும் முன் பின்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை விலக்கி மறுபடியும் போடுவார். போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது, கைக்கும் தெரிய வேண்டும். இரும்பு உரசி ‘டக்’ என்னும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் ‘டக்’. பக்கவாதம் வந்த பிறகு இடதுகாலை இழுத்து நடந்தார். அதனால் தாழ்ப்பாளைத் தொடர்ந்து செருப்பு தரையில் தேயும் சத்தம் கூடம் நெடுக வந்து, படுக்கையறை வாசலில் நின்றுவிடும். அந்த வரிசையைக் கேட்டால்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும்.

அன்று நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் மேசையில் அவருடைய காப்பீட்டுத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ‘டக்.’ இடைவெளி. ‘டக்.’ அதன் பிறகு செருப்பு தேயும் சத்தம், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து. நான் தலை நிமிரவில்லை. பயந்தேன் என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து பார்த்தால் சத்தம் நின்றுவிடும், அது நிற்கக் கூடாது என்றுதான் மனம் தவித்தது. வாசல் வரை வந்து நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை. காலையில் நான் வாய் திறப்பதற்கு முன்பே அம்மா கேட்டார்: "ராத்திரி தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தது நீயா?"

இதை நண்பர்களிடம் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் பேயை நம்புகிறவர் யாரும் இல்லை. ஒருவன் நான் முடிப்பதற்குள்ளேயே "துக்கத்தில் இருக்கிறாய், கண் அசந்து கனவு கண்டிருப்பாய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். விழித்திருந்து தாள் அடுக்கியவனைப் பார்த்து, கேட்காமலே தூங்கினாய் என்று சொல்வதை நான் பகுத்தறிவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். விசாரிக்காமல் நம்புவதும் விசாரிக்காமல் மறுப்பதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

இன்னொரு நண்பன் கட்டடங்களில் குழாய் வேலைகளை மேற்பார்வை செய்கிறவன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டான். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தான். நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய்? காலையில் தாழ்ப்பாள் எப்படி இருந்தது? அம்மா தாழ்ப்பாளை மட்டும் கேட்டாரா, நடையையும் சேர்த்துக் கேட்டாரா?

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன். இரண்டு ‘டக்’ மட்டும்தான் என்றார். நடை அவருக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்தான். பின்கதவை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மாடியில் குடியிருப்பவரிடம் குழாயைத் திறந்து சட்டென்று மூடச் சொன்னான். சுவருக்குள் ‘டக்’ என்றது. என்னையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னான். அடி உள்ளங்கையில் தெரிந்தது. ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று தடுத்தால் அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாய்க்குள் முன்னும் பின்னும் போய் மோதும். பிடிமானம் தளர்ந்த குழாயாக இருந்தால் சுவரில் இடிக்கும். அப்பாவின் தாழ்ப்பாள் சத்தமேதான் அது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக நெருக்கமாக இருந்தது. அவன் சொன்னது இவ்வளவுதான்: "அந்த இரண்டு சத்தத்துக்கு இது காரணமாக இருக்கலாம். நடையை நீ மட்டும் கேட்டிருக்கிறாய். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவன் மீது எனக்குப் பெரிய மரியாதை. தெரிந்தது எது, தெரியாதது எது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டு விலகிக்கொண்டான். ஆண்டுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட சத்தங்களில் முதல் இரண்டு வந்துவிட்டால், மூன்றாவதை மூளையே நிரப்பிக்கொள்ளக்கூடும். இது எனக்குப் புரிகிறது. இருந்தும், அன்றிரவு அப்பா வீட்டில் இருந்தார் என்ற உணர்வு கொஞ்சமும் குறையவில்லை. இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

அன்று அந்தக் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு தோழி இரவில் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். கணவரை இழந்தவள். விடியும் நேரத்தில் கட்டிலின் மறுபக்கம் ஆள் உட்கார்ந்தது போல அமுங்குகிறதாம், மாதக்கணக்காக. சொந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. "என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்கள்" என்றாள்.

அவளுக்காகத்தான் தேடிப் படித்தேன். டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறந்தவர் அருகில் இருப்பதாக ஏதோ ஒரு வகையில் அனுபவம் இருந்தது. அருகில் இருக்கிறார் என்ற உணர்வுதான் அதிகம். உருவத்தைக் கண்டவர்கள் சுமார் 14 சதவீதம், குரலையோ சத்தத்தையோ கேட்டவர்கள் சுமார் 13 சதவீதம். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. என்னை உலுக்கியது வேறு ஒரு செய்தி. இந்த அனுபவம் பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவரிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கேலி செய்வார்கள் என்ற அச்சமும் காரணங்களில் ஒன்று. தோழியிடம் இதைப் படித்துக் காட்டியபோது வெகுநேரம் அழுதாள். மறுநாள் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விடுதி நாட்களில் நேரில் பார்த்திருக்கிறேன். என் அறைத்தோழனின் நெஞ்சின்மேல் இரவில் ஓர் உருவம் ஏறி உட்கார்ந்தது. அவனால் கத்த முடியவில்லை, விரலைக்கூட அசைக்க முடியவில்லை. சொன்னதும் மொத்த அறையும் சிரித்தது. அவன் அதற்குப் பிறகு விளக்கை அணைக்க விடவில்லை. தூக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டான், உருவம் அடிக்கடி வரத் தொடங்கியது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர்தான் சிரிக்காமல் கேட்டார்: மல்லாந்து படுத்திருந்தாயா? அந்த வாரம் சரியாகத் தூங்கினாயா? கனவு வரும் தூக்க நிலையில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கனவில் ஓடினாலும் கால் ஓடாமல் இருப்பது அதனால்தான் என்று விளக்கினார். தசைகள் விழிப்பதற்கு முன் மனம் விழித்துக்கொண்டால் உடல் கட்டுண்டு கிடக்கும், கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே தெரியும். அமுக்குவான் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தூக்கம் கெடக் கெட இது அதிகமாகும் என்றும் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து நேரத்துக்குத் தூங்கத் தொடங்கியதும் அவனுக்கு அது ஏறக்குறைய நின்றுவிட்டது.

விளக்கம் தேடுகிறவர்கள் விக் டேண்டியின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்த பொறியாளர். அங்கே எல்லோருக்கும் இனம் புரியாத கலக்கம். ஒரு நாள் தனியாக இருந்தபோது கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்தது. திரும்பினால் காணவில்லை. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைப் பிடிப்பானில் பொருத்தியபோது, அதன் நுனி தானாகவே அதிர்ந்தது. புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறியிலிருந்து நொடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லைக்குச் சற்றுக் கீழே. விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் கலக்கமும் போய்விட்டது. 1998இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கேளாத ஒலிதான் எல்லாப் பேய்க்கும் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. நான் பாராட்டுவது, அவர் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இருந்ததை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகவே சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, சோர்வு, குமட்டல், கூடவே காலடிச் சத்தமும் உருவங்களும் என்றால், கதை பேச உட்காராதீர்கள். உடனே வெளியே வாருங்கள். அடுப்பையும் கணப்பையும் புகைபோக்கியையும் தெரிந்தவரை வைத்துச் சோதித்த பிறகு உள்ளே போங்கள். எரிபொருள் சரியாக எரியாதபோது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதானதால் ஒரு குடும்பமே வீட்டில் பேய் இருப்பதாக எண்ணிய நிகழ்வு 1921இலேயே அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது, கேட்டதை முதலில் சொல்லுங்கள், அது யார் என்பதைப் பிறகு சொல்லுங்கள். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யார் முதலில் பேச்சை எடுத்தார்கள் என்பதும் முக்கியம். விழித்திருந்த இருவர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்ன அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? எனக்கும் அம்மாவுக்கும் பாதிதான் பொருந்தியது. முழுவதும் பொருந்திய ஒன்று உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க ஆசைப்படுகிறேன்.