லோரோங் குலிட்டில் வாங்கிய பழைய லென்ஸ்: ஜோடி சரியா?

வணக்கம் மக்களே. போன ஞாயிறு பினாங்கு லோரோங் குலிட் சந்தையில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கேமரா லென்ஸ் கிடந்தது. அங்கிள் 150 ரிங்கிட் சொன்னார், 90க்கு முடிந்தது.

முன்வளையத்தில் ‘கார்ல் ஸைஸ் ஜெனா, டெஸ்ஸார் 1:4.5, 15 செ.மீ.’ என்று இருக்கிறது (நிறுவனம், லென்ஸ் வகை, அதிகபட்சத் துவாரம், குவிய நீளம்). பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு என்று காட்டும் சிவப்பு ‘டி’ எழுத்து இல்லை. டியூப் லைட்டைக் காட்டினால் பிரதிபலிப்பு வெள்ளையாகவே தெரிகிறது. ஆக, பூச்சு இல்லாத, போருக்கு முந்தைய கண்ணாடி. வரிசை எண் 74 என்று தொடங்கும் ஆறு இலக்கம், 1927 வாக்கில் வரும்.

குழப்பமே ஷட்டரில்தான். லென்ஸ் மாட்டியிருக்கும் ஷட்டர் ‘காம்பர்’ என்ற மாடல், வேகத்தைத் திருப்பும் சின்னச் சக்கரம் லென்ஸுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கிற பழைய வகை. அந்த வகை 1912இலேயே வந்துவிட்டது, அதனால் அதை மட்டும் வைத்து ஆண்டைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம், துவார அளவு 6.3இல்தான் தொடங்குகிறது: 6.3, 9, 12.5, 18. லென்ஸோ 4.5, எண் சின்னதானால் துவாரம் பெரிது! முள் 6.3ஐத் தாண்டியும் நகர்கிறது. வேறு லென்ஸுக்குச் செய்த ஷட்டரில் யாரோ இதை மாட்டிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் அந்த எண்களை நம்பிப் படம் எடுக்க முடியாதே.

இதே 15 செ.மீ. டெஸ்ஸார் வைத்திருப்பவர்கள், உங்கள் ஷட்டரின் அளவுகோலையும் வரிசை எண்ணின் முதல் சில இலக்கங்களையும் படம் எடுத்துப் போட முடியுமா? ஷட்டரைக் கேமராவில் இறுக்கும் பின்பக்க வளையமும் காணோம். ஷட்டர் வேகத்தை ஒரு நொடி வைத்தால் மூன்று நொடி இழுக்கிறது, கிழட்டு மாடு மாதிரி. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இதைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் பூஞ்சையும் இருக்கிறது, நம் ஊர் ஈரம்!