எங்க நாய் அப்புவுக்கு குஷிங்ஸ் நோயா இருக்கலாம்ங்கறாங்க, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம்ங்க, நாங்க கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். அப்பு பொமரேனியன், 11 வயசு. மூணு மாசமா தண்ணி தண்ணின்னு அலையறான், ராத்திரி வைக்கிற பேசின் விடியறதுக்குள்ள காலி, வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டு பீரோ ஓரமா தலைய குனிஞ்சுட்டு நிக்கறான், ஒரு நாளும் அப்படி செஞ்சவன் இல்லைங்க. வெயில், வயசு வேற ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க, நானும் விட்டுட்டேன், இப்ப அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. வயிறு பானையாட்டம் தொங்குது, தோலு மெலிஞ்சு உள்ள ஓடற நரம்பு நீலமா தெரியுது.

ரத்தத்துல ஏஎல்பிங்கற கல்லீரல் என்சைம் ரொம்ப அதிகம், சுகர் இல்ல, கிட்னி நல்லாருக்கு. கிட்னி பக்கத்துல இருக்கற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல்ங்கற ஹார்மோன அதிகமா சுரக்குது போல, அதான் குஷிங்ஸ், பெரும்பாலும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில சின்ன கட்டிதான் காரணமா இருக்கும்னாரு டாக்டர். ஸ்டீராய்டு ரொம்ப நாள் குடுத்தாலும் இப்படி ஆகுமாம், நாங்க அதெல்லாம் குடுத்ததே இல்ல. உறுதி பண்ண ஊசி போட்டு 8 மணி நேரத்துல மூணு தடவ ரத்தம் எடுக்கணுமாம், ஸ்கேனும் பாக்கணுமாம்.

நாமக்கல் கால்நடை காலேஜ் போறதா, பெங்களூர் ஹெப்பால் கால்நடை காலேஜ் போறதா? அங்க இந்த டெஸ்ட் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க. இதுக்குக் குடுக்கற ட்ரைலோஸ்டேன் மாத்திரை குடுத்தவங்க, மாசம் எவ்வளவு ஆச்சு, தாகம் எத்தன நாள்ல கொறஞ்சுது, வாந்தி சோர்வுன்னு ஏதாச்சும் வந்துச்சா? அதுவரைக்கும் தண்ணிய மட்டும் கொறைக்கவே கூடாதுன்னுட்டாரு, ரெண்டு பேசினா வெச்சிருக்கேன்.