பழைய ஜப்பான் ஸ்டீல் ஃபிரேமுக்கு எந்த கிராங்க் செட் பொருந்தும்?

நாமக்கல் மிதிவண்டி:
வணக்கம். மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஓட்டிய ரோட் பைக்கின் ஃபிரேம் இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கித் துடைத்தேன். ஜப்பானில் செய்த ஸ்டீல், விரலால் சுண்டினால் இன்னும் கணீரென்று இருக்கிறது. அதிலேயே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும் என்று ஆசை.

முன்னால் ஒரே செயின்வீல், பின்னால் 8 ஸ்பீடு, 11-32 பல் கேசட் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு). சக்கரம் 700x28. பிபி ஷெல்லை (கிராங்கின் அச்சு உட்காரும் ஃபிரேம் குழாய்) வெர்னியரில் அளந்தேன்: 68 மி.மீ.

கைக்கு எட்டும் கிராங்க் (மிதி மாட்டும் கைகளும் முன் செயின்வீலும் சேர்ந்தது) இரண்டு. ஒன்று, நண்பர் தருவதாகச் சொன்ன எம்டிபி (மலை சைக்கிள்) ஹாலோடெக் 2, கை நீளம் 175 மி.மீ., 32 பல். இன்னொன்று சதுர அச்சில் மாட்டும் ரோட் கிராங்க், 170 மி.மீ., 53/39 பல், போல்ட் வட்டம் (செயின்வீலைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 130 மி.மீ. என் உயரம் 5 அடி 5 அங்குலம். எதை எடுக்கலாம்?

மலையேறி:
தம்பி, ஷெல்லை முதலில் அளந்தீர்களே, பாதி வேலை முடிந்தது. 68 என்றால் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மரைதான். நம்மூர் சைக்கிளில் பார்க்கிற அதே பி.எஸ்.ஏ., பர்மிங்ஹாம் கம்பெனியின் பெயர். பழைய கப்பின் (ஷெல்லில் திருகி அச்சைத் தாங்கும் பாகம்) முகத்தில் 1.37x24 என்று பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இத்தாலி மரை என்றால் ஷெல் 70 இருக்கும்.

எம்டிபி கிராங்க் ஏறாது என்று இல்லை. 2.5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 68 ஷெல்லில் உட்காரும். சிக்கல் செயின்லைனில், அதாவது ஃபிரேமின் நடுவிலிருந்து செயின் ஓடும் கோடு வரையுள்ள தூரத்தில். அந்த வகை கிராங்கில் பல் ஃபிரேமின் நடுவிலிருந்து ஏறக்குறைய 50 மி.மீ. தள்ளி நிற்கும். உங்கள் கேசட்டின் நடுப்பல்லோ 44 மி.மீ. பக்கம். மலையில் நீங்கள் மணிக்கணக்கில் இருக்கப்போவது கேசட்டின் 32 பல்லில், அதுதான் உள்ளே கடைசி. செயின் அங்கே கோணலாக ஓடும், கரகரக்கும், சீக்கிரம் தேயும். ஏற்றத்துக்கு என்று வாங்கிவிட்டு ஏற்றத்திலேயே அவதிப்பட வேண்டாம். 175 நீளமும் உங்கள் உயரத்துக்கு அதிகம் என்பேன்.

ரோட் கிராங்கில் வேறு தடை. 130 போல்ட் வட்டத்தில் 38 பல்லுக்குக் கீழே மாட்ட முடியாது. முன்னால் 38க்குப் பின்னால் 32 என்றால் மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.54 மீட்டர் போகும். 34க்கு 32 என்றால் 2.27 மீட்டர். காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஐம்பதாவது வளைவில் முழங்கால் அதைச் சொல்லிவிடும். நான் 34இல்தான் ஏறினேன். 34க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் சமதளத்திலும் 35 கி.மீ. வேகம் வரும், போதாதா?

அதனால் இரண்டையும் விடுங்கள். போல்ட் வட்டம் 110, சதுர அச்சு, 170 நீளம், இப்படி ஒரு காம்பாக்ட் கிராங்க் (சின்ன செயின்வீல் மாட்டக்கூடிய ரோட் கிராங்க்) தேடுங்கள். 34 பல்லை உள்பக்கம் மாட்டுங்கள். சதுர அச்சின் முனை ஜேஐஎஸ் அளவா, ஐஎஸ்ஓ அளவா என்று கடையில் கேளுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மாற்றிப் போட்டால் கிராங்க் நிற்கும் இடம் 4 மி.மீ.க்கு மேல் மாறிவிடும்.

பஞ்சர் பெட்டி:
மலையேறி அண்ணன் சொன்னதோடு ஒன்று. பழைய கப்பைக் கழற்றும்போது வலது பக்கம் இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். என் ஃபிரேமை ஒரு கடையில் கொடுத்தேன். எதிர்த்திசையில் நீளக் குழாய் போட்டு நெம்பி, கப்பின் விளிம்பையே உடைத்துவிட்டார்கள். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

நாமக்கல் மிதிவண்டி:
நன்றி அண்ணா, இருவருக்கும். கப்பில் 1.37x24 இருக்கிறது! செயின்லைனை எப்படி அளப்பது? ஃபிரேமின் நடு என்றால் எந்த இடத்திலிருந்து?

மலையேறி:
சீட் ட்யூபின் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) வலது பக்கத்திலிருந்து செயின்வீல் பல்லின் நடு வரை அளந்து, ட்யூப் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். 28.6 ட்யூப் என்றால் 14.3. அச்சு நீளத்தை 3 மி.மீ. கூட்டினால் பல் 1.5 மி.மீ. வெளியே வரும், மீதி இடது பக்கம் போய்விடும். 44க்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் கவலைப்படாதீர்கள், மலையேற்றத்துக்குப் பல் உள்பக்கம் தள்ளி இருப்பதே நல்லது. அப்புறம் கிராங்கை அச்சில் பிடிக்கும் போல்டை 40 நியூட்டன் மீட்டராவது இறுக்குங்கள். தளர்வாக ஓட்டினால் அலுமினியத்தின் சதுர ஓட்டை வட்டமாகிவிடும்.

நாமக்கல் மிதிவண்டி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 110 காம்பாக்ட் கிடைத்தது. 110 மி.மீ. அச்சில் மாட்டினால் ட்யூபிலிருந்து பல் வரை 27 மி.மீ. செயின்ஸ்டேயோடு (பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) இடைவெளி ஒரு தீக்குச்சி கனம்தான். கடைக்காரர் 113க்கு மாற்றித் தந்தார். இப்போது 28.5, கூட்டினால் 42.8. ஸ்டாண்டில் வைத்து 32இல் போட்டுச் சுற்றினேன், செயின் சத்தமே இல்லை. ஞாயிறு காலை காரவள்ளி அடிவாரம் போகிறேன்.