சான் அன்டோனியோ சில்லி புதுச்சேரியில் வருமா? மிளகாய் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரெட்டியார்பாளையம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் 11 வருடம் இருந்துவிட்டு இந்த ஜூன் மாதம்தான் புதுச்சேரிக்குத் திரும்பினோம். மகனுக்கு 15 வயது. நாலு வயதில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை, நாக்கு வளர்ந்தது அங்கேதான். வந்த நாளிலிருந்து இட்லிக்கோ மீன் குழம்புக்கோ அவன் முகம் சுளித்ததில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அம்மா, சில்லி செய்யேன்."

அங்கே குளிர் தொடங்கினால் வீட்டுக்கு வீடு சில்லி கான் கார்னே என்கிற மாட்டுக்கறி மிளகாய்க் குழம்புதான். பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் ஆட்டம் நடக்கிற இரவில், சோளச் சிப்ஸ் பொட்டலத்தைப் பக்கவாட்டில் கிழித்து, அதற்குள்ளேயே சுடச்சுட இரண்டு கரண்டி சில்லி ஊற்றி, மேலே சீஸும் பொடி வெங்காயமும் தூவிக் கொடுப்பார்கள். அவன் கேட்பது அந்த ருசியைத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகப் பாட்டி இருந்தார். அவர் மிளகாய் வாட்டும் நாளில் வாசனை எங்கள் சமையலறை வரைக்கும் வரும். நம் வீட்டில் குழம்புத் தூளுக்கு மிளகாய் வறுத்தால் தெருவே இருமும். அது அப்படி இல்லை. உலர்ந்த திராட்சையும் புகையிலையும் சேர்ந்தாற்போல இருக்கும். ஆஞ்சோ என்று பெயர். உள்ளங்கை அகலம், கறுத்துச் சுருங்கி, தொட்டால் தோல் போல மடங்கும். எச்.இ.பி கடையில் தொட்டி தொட்டியாகக் கிடந்தது. பாட்டி சமைக்கும்போது பக்கத்தில் நின்று ஒருமுறைகூடக் கவனித்துப் பார்க்கவில்லையே என்பதுதான் இப்போது மனசை அறுக்கிறது.

இதுவரை மூன்று முறை செய்தேன். முதல் முறை, ஓர் அமெரிக்கச் செய்முறையில் "நாலு மேசைக்கரண்டி சில்லி பவுடர்" என்று இருந்ததை நம்பி நம் மிளகாய்த்தூளை அப்படியே போட்டேன். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் தயிரைத் தேடி ஓடினான். அடுத்த முறை ஒரு கரண்டியாகக் குறைத்தேன். காரம் சரியாக இருந்தது, ஆனால் வெளிறிப்போய், தக்காளித் தொக்கில் கறி போட்டது மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் முறை கைப்பழக்கத்தில் இஞ்சிப் பூண்டு விழுதும் தனியாத்தூளும் போட்டுவிட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டான். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது குருமா" என்றான்.

கடற்கரைப் பக்கம் இரண்டு உணவகத்திலும் பார்த்துவிட்டோம். ஒன்றில் ராஜ்மாவில் கொத்துக்கறி. இன்னொன்று கெச்சப் தித்திப்பு. டிசம்பர் 20 அவன் பிறந்தநாள், அதற்குள் எனக்குக் கை வந்துவிட வேண்டும். ஆஞ்சோவுக்கு மாற்றாக இங்கே எந்த மிளகாய்? மாட்டுக்கறியில் எந்தப் பாகம் கேட்டு வாங்குவது?

முதுநகர்_கப்பல்சமையல்:

தங்கச்சி, நான் கடலூர் முதுநகர். 22 வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஹூஸ்டன் துறைமுகத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. அங்கே மாலுமிகள் தங்கும் இல்லத்தில் சமைத்த ஒரு பெரியவரிடம் கூடமாட நின்று கற்றுக்கொண்டது இது.

முதல் முறை நடந்ததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காக்காரன் 'சில்லி பவுடர்' என்று சொல்வது வெறும் மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்த பொடி. 1890களில் டெக்சாஸ் நியூ பிரான்ஃபெல்ஸில் கெப்ஹார்ட் என்கிற ஜெர்மானியர் அதைச் செய்து விற்க ஆரம்பித்தார். நம் சாம்பார் பொடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு கரண்டி தாங்கும், நம் மிளகாய்த்தூளில் தாங்காது.

ஆனால் இரண்டாம் முறை செய்ததுதான் பெரிய பிசகு. சில்லி கான் கார்னே என்கிற ஸ்பானியப் பெயருக்கே 'கறி சேர்த்த மிளகாய்' என்றுதான் அர்த்தம். நம் சமையலில் மிளகாய் காரத்துக்கு. குழம்புக்குக் கெட்டி கொடுப்பது வெங்காயம், தக்காளி, தேங்காய். அங்கே குழம்பே மிளகாயின் சதைதான். காரத்துக்குப் பயந்து மிளகாயைக் குறைத்தால் குழம்பு காணாமல் போகும். மிளகாயை நிறையப் போடுங்கள், விதையையும் உள் நரம்பையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

ஆஞ்சோ என்பது பொப்லானோ என்கிற குடமிளகாய் மாதிரியான மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. கப்பலில் அது தீர்ந்துபோனால் நான் எடுப்பது பியாடகி. கர்நாடகத்து மிளகாய், 2011-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நீளமாகச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், நிறம் அள்ளும், காரம் அடங்கியது. பெரிய மார்க்கெட் மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாய் வாங்குங்கள். ஒரு கிலோ கறிக்கு 50 கிராம். உறைப்புக்கு மூன்றே மூன்று குண்டு மிளகாய். ஆஞ்சோவில் இருக்கிற அந்தப் பழ வாசனை பியாடகியில் கிடையாது, அதற்கு ஒரு கைப்பிடி கறுப்பு உலர்திராட்சை சேர்த்து ஊறவைத்து அரையுங்கள். கடைசியில் கால் டம்ளர் காபி டிக்காஷன், சிக்கரி கலக்காத தூளில் இறக்கியது. மாட்டுக்காரர்கள் காபி ஊற்றிச் செய்வது அங்கே பழைய வழக்கம்தான்.

கறியை மஞ்சள் போட்டுப் பிரட்டாதீர்கள். இரும்புச் சட்டியில் கொழுப்பு காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கரண்டி படாமல் ஒரு பக்கம் சிவக்க விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும். எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் ஒரு பெரிய வெங்காயம், எட்டுப் பல் பூண்டு. அப்புறம் மிளகாய் விழுது. எண்ணெய் பிரியும் வரை வதக்கினால்தான் பச்சை வாசனை போகும், அது நம்ம ஊர்க் கணக்கேதான். வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி. தக்காளி வேண்டாம், இஞ்சி வேண்டாம், தனியா, பட்டை, கிராம்பு எதையும் தொடாதீர்கள். இஞ்சி விழுந்தால் குருமாதான்.

முதலியார்பேட்டை_சின்சினாட்டி:

அண்ணன் சொன்ன பட்டை, கிராம்புக்கு ஒரே ஒரு திருத்தம், டெக்சாஸுக்கு அது சரி. நான் பிறந்தது முதலியார்பேட்டை, ஒன்பது வருடமாக ஒஹாயோ சின்சினாட்டியில் இருக்கிறேன். இங்கே 1920களில் மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய சில்லியில் பட்டை உண்டு. தண்ணியாக வைத்து ஸ்பகெட்டி மேல் ஊற்றி, சீஸைக் குன்று போலக் குவித்துத் தருவார்கள். எனக்கு உயிர். ஆனால் சான் அன்டோனியோ பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் ஏற்க மாட்டான்.

அக்கா, பீன்ஸ் போடுவதானால் ஒன்று கவனியுங்கள். ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடணும். அதில் இருக்கிற ஒரு நச்சு அப்போதுதான் போகும். இங்கே இருக்கிற மெதுசூட்டுப் பாத்திரத்தில் பச்சையாகப் போட்டு வாந்தி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். நம் குக்கரில் அந்தப் பயம் இல்லை.

முதுநகர்_கப்பல்சமையல்:

நல்ல விஷயம் சொன்னீர்கள். டெக்சாஸ் பெரியவர் பீன்ஸ் பேச்சை எடுத்தாலே அடுப்பை அணைத்துவிடுவார். டெக்சாஸில் டெர்லிங்குவா என்கிற ஊரில் 1967-இலிருந்து சில்லிப் போட்டி நடக்கிறது, அங்கே பீன்ஸ் போட்டவருக்கு இடமே கிடையாது. வீட்டில் போடுகிறவர்கள் போடத்தான் செய்கிறார்கள். பையனைக் கேளுங்கள்.

மிஷன்வீதி_ஆயா:

கண்ணு, எனக்கு இந்தச் சில்லி தெரியாது. மாட்டுக்கறி தெரியும். எங்க வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். 40 வருஷம் கிறிஸ்துமஸுக்கு ராகு என்கிற பிரெஞ்சுக் கறிக் குழம்பு வைத்த கை இது.

தொடைக்கறி கேட்காதே, பார்க்க அழகாக இருக்கும், வெந்தால் சக்கை. முன்னங்காலும் தோளும் சேருகிற இடத்தில் ஜவ்வு ஓடின கறியாகக் கேள். மூணு மணி நேரத்தில் அந்த ஜவ்வு கரைந்து குழம்பில் இறங்கும், உதட்டில் ஒட்டும் பார், அதுதான் பதம். கடைக்காரர் மெஷினில் போட்டுத் தரட்டுமா என்பார், வேண்டாம் என்று சொல். வீட்டுக்கு வந்து நெல்லிக்காயில் பாதி அளவுக்கு நீயே நறுக்கு. குளிர்பெட்டியில் அரைமணி வைத்து எடுத்தால் கத்தி வழுக்காது. நம்ம ஊர் மாடு முற்றினது, அமெரிக்கக் கணக்கில் வேகாது. குக்கரில் நாலு விசில் விட்டு, அப்புறம் திறந்து சிறுதீயில் ஒரு மணி நேரம் வை.

ஓரிகானோ என்று பிட்ஸாவோடு வருகிற பொட்டலத்தை எங்க பேத்தி காட்டினாள். முகர்ந்து பார்த்தேன். நம்ம கற்பூரவல்லி வாசனையும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொட்டியில் இருக்கும், இரண்டு இலையை நறுக்கிப் போடு. மூணு வேண்டாம், கஷாயம் ஆகிவிடும்.

ரெட்டியார்பாளையம்_அம்மா:

ஆயா, அண்ணா, தங்கச்சி, எல்லாருக்கும் நன்றி. நேற்று செய்தேன். நிறம் அப்படியே வந்துவிட்டது, செங்கல்லைக் கரைத்தது மாதிரி. சட்டியைத் திறந்ததும் பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஆனால் அடித்தொண்டையில் ஒரு கசப்பு. டிக்காஷன் கூடிவிட்டதா?

முதுநகர்_கப்பல்சமையல்:

டிக்காஷன் இல்லை. மிளகாய் கருகியிருக்கும். குழம்புத் தூளுக்கு வறுக்கிற மாதிரி வறுத்திருப்பீர்கள். இதை வறுக்கவே கூடாது, வாட்டணும். காம்பைக் கிள்ளி, கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, விதையை உதறிவிட்டுப் புத்தகம் மாதிரி விரியுங்கள். தோசைக்கல் மிதமாகச் சூடேறியதும் தோல் கீழே இருக்கும்படி வைத்துக் கரண்டியால் அழுத்துங்கள். பத்து எண்ணுவதற்குள் நிறம் லேசாக மாறி, வாசனை எழும்பும். உடனே புரட்டி, ஐந்து எண்ணி எடுத்துவிடுங்கள். ஒரு மிளகாய் கறுத்தாலும் அதைத் தூக்கிப் போடுங்கள், அந்த ஒன்றே சட்டி முழுக்கக் கசக்கும். வெந்நீரில் அரைமணி ஊறியதும் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் அரைக்கணும். விழுதை வடிகட்ட மறக்காதீர்கள். தோல் திப்பி தங்கினால் வழவழப்பு வராது.

இன்னொன்று. அங்கே கெட்டிக்கு மாசா என்கிற மாவு கரைத்து ஊற்றுவார்கள். கடையில் விற்கிற கார்ன்ஃப்ளவர் அது இல்லை, அதில் வாசனையே கிடையாது. காய்ந்த மக்காச்சோளம் அரைக்கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நாலைந்து தண்ணீரில் அலசி அரையுங்கள். மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்கிற வித்தை. சுண்ணாம்பு படாமல் அந்தச் சோள வாசனை வராது. ஒரு கிலோ கறிக்கு இரண்டு கரண்டி மாவு போதும்.

ரெட்டியார்பாளையம்_அம்மா:

டிசம்பர் 21. நேற்று ராத்திரி பிறந்தநாள் முடிந்தது.

மிளகாயை ஒவ்வொன்றாக வாட்டினேன், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. இரண்டைத் தூக்கிப் போட்டேன். சுண்ணாம்புச் சோளம் அரைத்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. கிரைண்டரிலிருந்து வந்தது அந்தப் பாட்டி வீட்டு வாசனை. மிளகாய் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் இந்தச் சோளமும் இருந்திருக்கிறது. ஆயா சொன்ன கறி மூன்றரை மணி நேரம் எடுத்தது. உதட்டில் ஒட்டியது. கற்பூரவல்லி இரண்டே இலை.

பீன்ஸ் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். சோளச் சிப்ஸ் பொட்டலத்தை நானே பக்கவாட்டில் கிழித்து, ஊற்றி, வெங்காயம் தூவி நீட்டினேன். மேசைக்குப் போகவில்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்று, ஒரு வார்த்தை பேசாமல், பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்ததை வழித்து முடித்துவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்துக் கிழித்தான். எங்க அப்பா இரண்டு தோசைக்குத் தொட்டுக்கொண்டார், அவருக்கும் பிடித்தது.

மீந்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்திருக்கிறேன், 14 கட்டி வந்தது. ஆயா, இன்று மாலை மிஷன் வீதிப் பக்கம் வருகிறேன். ஒரு டப்பா கொண்டு வரட்டுமா?