பிட்ச்சரின் காலை எங்கிருந்து பார்ப்பது? அனுபவமுள்ள அம்பயர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெண்கள் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் (கையைக் கீழிருந்து சுழற்றி வேகமாகப் பந்து வீசும் வகை) ஆட்டங்களுக்கு இந்த சீசனில்தான் அம்பயராக நிற்க ஆரம்பித்திருக்கிறேன். போன ஆட்டத்தில் நான் பேஸ் அம்பயர், அதாவது பேஸ்கள் பக்கம் நிற்பவர். பிட்ச்சரின் (பந்து வீசுபவரின்) பின்னங்கால் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் உறுதியாகத் தெரியாததால் தவறு என்று அறிவிக்கவில்லை. இன்னிங்ஸ் முடிந்ததும் பிட்ச்சர் நின்று வீசும் சர்க்கிளில் போய் மண்ணைப் பார்த்தேன். பிட்ச்சர் கால் வைக்கும் பிளேட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இழுத்த கோடு, அப்புறம் சுத்தமான மண், அதைத் தாண்டி ஷூ முனை அழுந்திய புதுப் பள்ளம். காலை மறுபடி ஊன்றித் தள்ளியிருக்கிறார், அதாவது க்ரோ ஹாப். எதிரணிப் பயிற்சியாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கால் காற்றில் எழுவதைச் சில விதிப்புத்தகங்கள் அனுமதிக்கின்றன, மறுபடி ஊன்றுவதை அனுமதிப்பதில்லை. படிக்கும்போது புரிகிறது. கண்ணெதிரே அரை விநாடியில் நடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இரண்டு அம்பயர் இருந்தால் காலை யார் பார்ப்பது, வீசுவதற்கு முன் பிட்ச்சரின் கைகள் சேர்ந்து நிற்பதை யார் பார்ப்பது? ஆட்டத்துக்கு முன்பே பேசிப் பிரித்துக்கொள்வீர்களா? இல்லீகல் பிட்ச் (விதியை மீறிய வீச்சு) என்று காட்ட இடது கையை முஷ்டியோடு நீட்டும் சைகை எனக்குத் தாமதமாகவே வருகிறது, அதற்குள் பந்து அடிபட்டுவிடுகிறது. இதற்கு என்ன பயிற்சி செய்யலாம்?

ஒரு வாரம் இல்லீகல் பிட்ச், அடுத்த வாரம் அதே வீச்சு சரி என்றால் அந்தப் பெண் எதை நம்பிப் பயிற்சி செய்வாள்? அதுதான் என்னை உறுத்துகிறது. அடுத்த ஆட்டம் சனிக்கிழமை.